விமானம் ஓட்டக் கற்பவர்கள்: பூஜ்யம்

வடகரை வானிலை நிலையம், டைட்டன் (சனிக்கோளின் நிலா)
தை 4, காலை 6:10

வெப்பநிலை மைனஸ் 179. காற்று மேற்கிலிருந்து, மெதுவாக. மூட்டம் வழக்கமான ஆரஞ்சு நிறம். மீத்தேன் கடலில் அலை இல்லை. காற்றளக்கும் கம்பத்தில் ஒட்டியிருந்த பிசுக்கைச் சுரண்டினேன்.

எழுதுவது ஜெசிந்தா, வானிலை ஆய்வாளர். இந்தப் பதிவை யார் கண்டெடுப்பீர்களோ தெரியாது. இன்றைக்கு வேறொரு கணக்கும் அனுப்ப வேண்டியிருந்தது. சிறு விமானம் ஓட்டக் கற்பவர்கள் எத்தனை பேர் என்று ஆண்டுக்கொரு முறை தலைமை நிலையம் கேட்கும். காற்றுக் கணக்கு என்னிடம் இருப்பதால் பறக்கும் கணக்கையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். முந்தைய ஆண்டுகளில் நாற்பத்தொன்று, பத்தொன்பது, ஆறு; அவர்களும் ஒப்பந்தம் முடிந்து பூமிக்குப் போய்விட்டார்கள். இந்த ஆண்டு பூஜ்யம்.

டைட்டனைச் சுற்றிக்கொண்டிருக்கும் தலைமை நிலையத்து மகராசர்கள், சரியும் கோடு ஒன்றை வரைந்து, மக்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே அடுத்த சரக்குக் கப்பலில் எங்கள் பத்து விமானங்களின் ஓட்டும் கைப்பிடிகளையும் கழற்றி அனுப்ப வேண்டுமாம். இனி எல்லாம் தானியங்கிதான்.

ஆர்வம் போய்விட்டதாம்! பயிற்சி நேரத்தைப் பாதியாக வெட்டினார்கள். கண் பரிசோதனைக்குத் தலைமை நிலையம் வரை வா என்றார்கள். அங்கே போகக் கப்பலில் இடம் கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பஸ்ஸை நிறுத்திவிட்டு, ஸ்டாப்பில் ஆளே நிற்கவில்லை என்று சொல்கிற கதைதான் இது. பூஜ்யத்தைத் தட்டி அனுப்பிவிட்டு வயிறெரிய உட்கார்ந்திருந்தேன்.

தை 5, மாலை 7:40

காற்று குறைவு. மழை இல்லை.

எங்கள் பயிற்றுநர் இசக்கி என்னைவிட இரண்டு வயது இளையவள், என்னைவிட இரண்டு மடங்கு கோபக்காரி. நேற்று அவளிடம் போய்ப் புலம்பினேன். அவள் சிரித்தாள். "பூஜ்யம்னே எழுதட்டும்க்கா. நாளைக்குச் சாயங்காலம் நீங்க விமானக் கொட்டகைக்கு வாங்க."

போனேன். இன்று முதல் பாடம். அனுமதி இல்லை, கண் பரிசோதனை இல்லை, பதிவும் இல்லை. நாற்பத்துமூன்று வயதில் நான் செய்யும் முதல் சட்டவிரோதக் காரியம். திரும்பி வரும் வழியெல்லாம் பாட்டு முணுமுணுத்தேன். சந்தோஷத்தில்தான்.

இங்கே காற்று கனம், எடை குறைவு. அதனால் விமானம் மேலே போவது சுலபம். கீழே வர வைப்பதுதான் பாடு. ஓடுதளத்துக்கு மேல் மிதந்துகொண்டே கிடக்கும், இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

தென்கரையில் துளைக்கிணறு தோண்டும் ஒன்பது பேரில் என் கணவர் லூர்துவும் ஒருவர். வானொலியில் அவரிடம் சொன்னேன். உனக்குப் பைத்தியமா என்று கேட்டார். பிறகு, எப்போது என்னைப் பார்க்கப் பறந்து வருவாய் என்றும் கேட்டார்.

மாசி 12, இரவு 8:15

காற்று மிதமானது. கடலின் மேல் மேகம் சேர்கிறது.

ஆள் சேர்ந்துகொண்டே போகிறது. பல் டாக்டர் வருகிறார். வெல்டர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். சமையல்காரர் ஞானதுரை மாவு ஒட்டிய கையோடு வருகிறார். என்னையும் சேர்த்துப் பதினான்கு பேர். கைப்பிடியைக் கழற்றப் போகிறார்கள் என்ற பேச்சு பரவியதும், அதுவரை திரும்பிப் பார்க்காதவர்கள்கூட வரிசையில் வந்து நின்றார்கள். இதை எந்தக் கோட்டில் வரைவார்கள் என்று பார்க்கிறேன்.

இன்று ஞானதுரை முதன்முறையாகத் தனியாக ஓட்டினார். நான்கு முறை மிதந்து மிதந்து மேலே போய், ஐந்தாம் முறை எப்படியோ இறங்கினார். கொட்டகைக்குள் வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் இசக்கி ஒரு கெட்டில் வெந்நீரை அவர் தலையில் ஊற்றினாள். தனியாக ஓட்டி இறங்கியவர் நனைய வேண்டும். பூமியில் அவள் படித்த பறக்கும் கழகத்து வழக்கம். இங்கே தண்ணீர் என்பது பனிப்பாறையை உடைத்து உருக்கி எடுப்பது. ஆனாலும் ஒருத்தரையும் விட்டதில்லை. என்னை நனைத்த அன்று நான் அழுதுவிட்டேன்.

மாசி 20, காலை 9:05

மாட்டிக்கொண்டோம்.

தலைமை நிலையத்து மேலாளர் சடகோபன் அனுப்பிய செய்தி: "விமானக் கொட்டகையில் குளியலறை இல்லை, சமையலறை இல்லை. பதினான்கு நாள்களில் பதினான்கு கெட்டில் வெந்நீர் செலவாகியுள்ளது. விளக்கம் தேவை."

தண்ணீர்க் குழாயில் அளவி இருப்பது எங்களுக்குத் தெரியாதா என்ன? தெரியும். விமான ஓட்டக் கணக்கை அழித்தோம், மின்சாரக் கணக்கைப் பழுதுபார்ப்பில் எழுதினோம், தண்ணீரை மட்டும் தாராளமாக ஊற்றினோம். ஊற்றாமல் இருந்திருக்கலாமே என்று இசக்கியைக் கடிந்துகொண்டேன். "நனையாம எப்பிடிக்கா? அப்போ அவுங்க ஓட்டுனது ஓட்டுனதாவே ஆவாதே" என்றாள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. யோசித்தால் எனக்கும் இல்லை.

பதிலை நானே அனுப்பினேன்: "ஆண்டறிக்கையில் திருத்தம். கற்பவர்கள் பூஜ்யம் அல்ல, பதினான்கு. கைப்பிடிகள் தர முடியாது. வந்து பிடுங்கிக்கொள்ளவும்."

அனுப்பிய பிறகு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். வாபஸ் வாங்கவில்லை.

மாசி 23, மாலை 4:30

மேற்குக் காற்று வலுக்கிறது. கடலின் மேல் மீத்தேன் மழை. இப்படியொரு மேகத்தை நான் இங்கே பார்த்ததில்லை.

தென்கரையில் மின்கலம் நின்றுவிட்டது. காற்று சுத்திகரிப்பும் நின்றுவிட்டது. விடியும்வரைதான் மூச்சுக்காற்று இருக்கிறது என்று லூர்து சொன்னார். குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னார். அவருக்கு நடிக்க வராது.

தலைமை நிலையம்: "காற்றின் வேகம் வரம்பைத் தாண்டியுள்ளது. தானியங்கி பறக்காது. ஒன்பது பேருக்காகப் பத்து விமானங்களை இழக்க முடியாது. வருந்துகிறோம்."

எங்களுடையவை இருவர் அமரும் விமானங்கள். ஓட்டுபவர் போக ஒருவரைத்தான் ஏற்றலாம். காற்று இன்னும் வலுப்பதற்குள் ஒருமுறைதான் போய்வர முடியும். அந்தப் பூஜ்யம் உண்மையாக இருந்திருந்தால் இசக்கி ஒருத்திதான் போயிருப்பாள், ஒருவரைத்தான் கொண்டுவந்திருப்பாள். இப்போது இசக்கியும் எட்டுப் பேரும் கிளம்புகிறார்கள். ஒன்பது விமானம், ஒன்பது பேர்.

நான் போகிறேன் என்று சண்டை போட்டேன். இசக்கி விடவில்லை. "புருசன ஏத்தப் போனா உங்க கை உங்க பேச்சக் கேக்காதுக்கா. காத்து உங்களுக்குத்தான் தெரியும். பத்தாவது வண்டிய எடுத்துட்டு நம்ம ஓடுதளத்துக்கு மேல நில்லுங்க."

காரணம் இருக்கிறது. இறங்குவதற்கு வழிகாட்டும் அலைக்குறியைக் கேட்டோம். உரிமம் இல்லாத விமானங்களுக்கு அது தரப்படாது என்று பதில் வந்தது. இந்த மூட்டத்தில் திரும்பி வருபவர்களுக்குத் தளம் எங்கே என்று தெரியாது. மேலே ஒரு விளக்கும் ஒரு குரலும் வேண்டும்.

பாவிகளா. நல்லா இருப்பீர்களா நீங்கள்?

மாசி 23, இரவு 9:50
விமானத்திலிருந்து, குரல் பதிவு

தளத்துக்கு மேல் வட்டமடிக்கிறேன். காற்று தூக்கிப் போடுகிறது. இசக்கி முதலில் வந்தாள், ஏற்றிய ஆளோடு இறங்கினாள். பின்னால் பல் டாக்டர். பிறகு வெல்டர்கள் இருவரும். ஒவ்வொருவருக்கும் காற்று எங்கே தள்ளும், எங்கே விடும் என்று சொல்லிச் சொல்லி இறக்குகிறேன். தொண்டை கட்டிவிட்டது.

மின்கலம் பாதிக்குக் கீழே. விளக்கும் வானொலியும் முக்கியம். சூடேற்றியை அணைத்துவிட்டேன். உடுப்பு கொஞ்ச நேரம் தாங்கும்.

இரவு 11:20

எட்டுப் பேர் இறங்கிவிட்டார்கள். ஞானதுரை இன்னும் வரவில்லை. லூர்து அவரோடுதான் ஏறியிருக்கிறார்.

இசக்கி கீழிருந்து கூப்பிடுகிறாள். மின்கலத்தை மாற்றிக்கொண்டு போகலாம், இறங்குங்க என்கிறாள். இறங்கி ஏற அரை மணி ஆகும். அந்த அரை மணியில் அவர்கள் வந்துவிட்டால்? தளத்தைத் தாண்டி மலைக்குள் போய்விடுவார்கள். மாட்டேன் என்றேன். திட்டினாள். அழுதாள். நான் வானொலியை ஞானதுரையின் அலைவரிசைக்குத் திருப்பினேன்.

இரவு 11:55

வந்துவிட்டார்கள். கிழக்கே ஒரு வெளிச்சம். ஞானதுரை வழி தவறியிருக்கிறார், பாவம். தேம்பிக்கொண்டே ஓட்டுகிறார். அண்ணாச்சி, என் விளக்கைப் பார்த்து வாங்க என்றேன். இடப்பக்கம் திருப்பச் சொன்னேன். மூக்கை இறக்கச் சொன்னேன். மிதந்தால் பயப்படாதீங்க, காற்று இப்போது விடும் என்றேன். விட்டது. மூன்றாம் முறை தரையைத் தொட்டுவிட்டார்.

லூர்து வானொலியில் கேட்டார். "ஜெசி, நீ எங்க இருக்க?"

"மேலதாங்க இருக்கேன். நீங்க உள்ள போங்க, குளிருது பாருங்க."

நள்ளிரவு தாண்டி

இறங்கத் திருப்பும்போதே விமானத்தின் விசிறி நின்றுவிட்டது, மின்கலத்தில் வானொலிக்கு மட்டும்தான் மிச்சம். உந்தவில்லை. விமானம் விழவில்லை, மிதக்கிறது. காற்று கடல் பக்கம் தள்ளுகிறது. ஓடுதள விளக்குகள் சின்னதாகிக்கொண்டே போகின்றன. விரல் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. கைப்பிடியை முழங்கையால் பிடித்திருக்கிறேன்.

தலைமை நிலையம் கூப்பிடுகிறது. இத்தனை நேரம் வாயைத் திறக்காதவர்கள். "அனுமதியற்ற விமானம், உங்கள் பெயரும் உரிம எண்ணும் தெரிவிக்கவும்."

சொல்லிவிட்டேன். "பேரு ஜெசிந்தா. உரிமம் கிடையாது. ஓட்டிக்கிட்டுத்தான் இருக்கேன், எழுதிக்கோங்க."

மறுபடியும் உரிம எண் கேட்கிறார்கள். கேட்கட்டும். கீழே கடல் தெரிகிறது. மூக்கைக் கொஞ்சம் தூக்கி, இறக்கைகளைச் சமமாக வைத்து, அலைக்குக் குறுக்கே போகாமல்