இரண்டாவது குறி

நேற்று பிரிக்பீல்ட்ஸில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றைத் தாண்டும்போது உருகிய ஈயத்தின் வாசனை என் மூக்கைப் பிடித்து நிறுத்தியது. நடுச்சாலையில் நின்றுவிட்டேன். கோலாலம்பூரின் மொத்த வாகனங்களும் எனக்காக ஹாரன் அடித்தன. "அங்கிள், போங்கலா!" என்று ஒருவன் கத்தினான். ஆசியாவிலேயே தலைசிறந்த ரேடியோ பழுதுக்கடையின் முதலாளி நான் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? கடையின் அகலம் இரண்டு நாற்காலி. ஒன்றில் என் கூட்டாளி நீ, மற்றதில் நான். தொழிலாளி என்று எவரும் இல்லை.

நம் சிக்னல் ஜெனரேட்டரை நினைத்துக்கொண்டேன். குமிழைத் திருப்பினால் வேண்டிய அலைவரிசையைத் தரும் பெட்டி. எல்லா ரேடியோவுக்கும் அதை வைத்துத்தான் சுருதி சேர்ப்போம். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் அதற்கே சுருதி தப்பியது. டயல் முள் நழுவி, காட்டியது ஒன்று, கொடுத்தது ஒன்று.

நீ கிரிஸ்டல் பெட்டியை எடுத்தாய். அது சம இடைவெளியில் பிசகாத குறிகளைத் தரும். அதையும் ஜெனரேட்டரையும் கலந்து ஆஸிலோஸ்கோப்பில் விட்டாய். பச்சைத் திரையில் அலை பேய் பிடித்தாற்போல ஓடியது. குமிழை மெல்லத் திருப்பத் திருப்பத் தளர்ந்தது, சோம்பியது, கடைசியில் தட்டையாகப் படுத்தது. அப்படிப் படுத்தால் இரண்டும் ஒன்று. முள்ளை அங்கே வைத்துவிட்டு, குறிகளை எண்ணியபடியே அடுத்ததற்குப் போகலாம். "மூச்சு விடாதடா, அலை ஓடிரும்" என்பாய். உனக்காக நான் யுகக்கணக்கில் மூச்சடக்கியிருக்கிறேன். முனிவர்கள்கூட என்னிடம் பாடம் கேட்டிருக்கலாம்.

அன்று கிள்ளானிலிருந்து ஒரு சீனத் தவுக்கே, அதாவது முதலாளி, தன் இரண்டு மீன்பிடிப் படகுகளின் ரேடியோக்களோடு வந்திருந்தார். குமிழைச் சிவப்புக் கோட்டில் வைத்தால் துறைமுகத்தின் வானிலைச் செய்தி கேட்க வேண்டும். அந்தச் செய்தி சாயங்காலம்தான் வரும் என்பதால், ஜெனரேட்டரை வைத்தே சோதித்தோம். இரண்டு ரேடியோவும் சிவப்புக் கோட்டில் ஒரே மாதிரி கூவின. தவுக்கே அவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். மாலையில் படகுகள் கிளம்பவேண்டும்.

நீ தே தாரே டீயை வாயருகே வைத்தபடி அப்படியே நிறுத்தினாய்.

"ரெண்டும் ஒரே எடத்துல கேக்குதுன்னா என்னடா அர்த்தம்?"

"நாம மேதைன்னு அர்த்தம்."

"ரெண்டுக்கும் அளவு இந்த ஒரே பெட்டிதானே? இது பொய் சொன்னா ரெண்டும் சேந்து பொய் சொல்லும்லா."

கிரிஸ்டல் பெட்டியை அகலக் குறிக்கு மாற்றினாய். சின்னக் குறிகள் பஸ் நிறுத்தம் மாதிரி, எல்லாம் ஒரே முகம். அகலக் குறிகள் தூரத்துக்கொன்றாக நிற்பவை, அவற்றில் குழப்பமில்லை. டயலில் முள் இரண்டு மெகாஹெர்ட்ஸைக் காட்டும்போது அலை படுத்திருக்க வேண்டும். அது குதித்துக்கொண்டிருந்தது.

"காலைல எண்ணுறப்ப ஒரு குறிய விட்டுட்டேன்டா. டயல் முழுக்கத் தள்ளிப் போயிருக்கு."

"தவுக்கேகிட்ட தப்புன்னு சொன்னா கடை பேரு என்னாகும்?"

"கடல்ல புயல் செய்தி கேக்கலன்னா? படகுல ஆளுங்க இருக்காங்கடா."

அவ்வளவுதான் பேச்சு. இந்த முறை அகலக் குறியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து எண்ணி முள்ளைத் திருத்தினாய். பிறகு உன் கப்சாய் மோட்டார்சைக்கிளில் கிளம்பினோம். ஜெனரேட்டர் என் மடியில் உற்சவமூர்த்தியாய் வீற்றிருந்தது. நீ ஓட்டிய வேகத்தில் வழியிலிருந்த ஊர்களெல்லாம் ஒதுங்கி நின்றன. என் தலைமுடி அன்று பறந்ததுதான், இன்னும் திரும்பவில்லை.

படகுத்துறையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். "அப்பா லாகி?" என்று எரிந்து விழுந்தார் தவுக்கே. இன்னும் என்ன வேண்டும் உங்களுக்கு என்று கேட்கிறார். நீ சுற்றி வளைக்கவில்லை. "சாலா சாயா, தவுக்கே," தப்பு என்னுடையது என்றாய். ஐஸ் கடையில் பிளக் கேட்டு வாங்கி, இரண்டு ரேடியோவையும் அங்கேயே திருத்தினாய். செய்தி நேரம் வந்தது. சிவப்புக் கோட்டில் ஒரு மனிதர் நிதானமாகக் காற்றையும் அலையையும் வாசித்தார். தவுக்கே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் படகேறினார்.

இந்தக் கதையை ஊருக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன். என் கதையில் அன்றிரவு பத்துமலை உயரத்துக்கு அலை எழும். உன்னிடம் அளக்க முடியாதே. கடல் தட்டில் ஊற்றிய பால்போலக் கிடந்தது. "இதுக்கா ஓடி வந்தோம்?" என்று மறுநாள் உன்னைச் சீண்டினேன். "புயல் வந்திருந்தா செய்தி கேட்டிருக்கும்லா" என்றாய்.

அதற்குப் பிறகு, இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொன்னால் நான் நம்புவதில்லை. எங்கிருந்து எண்ணினீர்கள் என்று கேட்பேன். கல்யாணத் தரகர்கள் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார்கள்.

போன மாதம் உன் செய்தியை இரண்டு பேர் போனில் சொன்னார்கள். இருவரிடமும் "யார் சொன்னது?" என்று கேட்டேன். இருவருக்கும் சொன்னவர் ஒரே ஆள். அப்படியானால் இது ஒரு குறிதான், கணக்கில் வராது என்று உன்னைத் தேடிக் கிள்ளான் ரயிலில் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, உன்னை என்னவெல்லாம் சொல்லித் திட்டலாம் என்று யோசித்தபடியே வந்தேன். உன் வீட்டு வாசலில் உன் மனைவி என்னைப் பார்த்து, "அண்ணே" என்றாள். இரண்டாவது குறி அது.

நண்பா, நன்றி. நீ சொல்லித்தந்த அந்தக் கணக்கால் கிள்ளான் வரும்வரை நீ எனக்கு உயிரோடு இருந்தாய்.