கம்ப்யூட்டர் இனித் தூங்காது

ஏங்க,

அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. இன்று மருந்துக்கடையை நான்தான் திறக்க வேண்டும்.

நேற்று மகளின் பேச்சு ஒத்திகையைக் கம்ப்யூட்டரில் பார்த்துக்கொண்டிருந்தபோதே திரை இருண்டுபோனதற்கு, "நீதான் எதையோ நோண்டி வெச்சிட்டே" என்று கத்தினீர்களே, நான் எதையும் தொடவில்லை. மவுஸ் கொஞ்ச நேரம் அசையாவிட்டால், ஆளே இல்லை என்று நினைத்து அது தானாக அணைந்து பூட்டிக்கொள்கிறது. கட்டுப்போட்ட கையோடு கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்த மனுஷனை அதற்கு எப்படித் தெரியும்?

திரை அணைவதற்கு ஓர் இடத்திலும், பூட்டிக்கொள்வதற்கு ஸ்கிரீன்சேவரில் வேறோர் இடத்திலும் நேரம் வைத்திருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டேன். சமைத்து முடிக்கும்வரை தொடாமல் விட்டுப் பார்த்தேன், விழித்தே இருந்தது. அப்படியும் இருண்டால், மானிட்டருக்குப் பின்னால் வயரை அழுத்திவிடுங்கள். மேஜையை நகர்த்தியதில் தளர்ந்திருந்தது.

பத்து மணிக்கு அவள் டாக்டர் பட்டத்துக்காகப் பரீட்சகர்கள் முன் பேசுகிறாள். அதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். இடது கையால் எடுக்க வசதியாக எல்லாவற்றையும் சின்னதாக நறுக்கியிருக்கிறேன்.

சொல்ல மறந்துவிட்டேன்: மாத்திரை டம்ளர் பக்கத்தில்.

இன்னொன்று. கடையில் கூட்டம் இருக்கும், என்னால் பார்க்க முடியாது. அவள் என்ன சொன்னாள், அவர்கள் என்ன கேட்டார்கள், எங்கே தடுமாறினாள், எங்கே சிரித்தாள், எல்லாவற்றையும் சாயங்காலம் ஒன்று விடாமல் எனக்குச் சொல்ல வேண்டும். நேற்றிலிருந்து நீங்கள் என்னோடு பேசவில்லை அல்லவா? இன்றைக்குப் பேசித்தான் ஆக வேண்டும்.