நீ இறந்த பிறகு நீ வந்த கூட்டம்

அடியே எஸ்தர்,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. முதலில் வீட்டு விஷயம். உன் பெண் பிரிசில்லா நர்சிங் இரண்டாம் வருடத்துக்குப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேராக என் வீட்டுக்குத்தான் வருகிறாள். உன் வீட்டுக்காரர் சமைக்கக் கற்றுக்கொண்டார். ரசம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

உன் அங்கன்வாடிக்கு இதுவரை ஆள் போடவில்லை. பக்கத்து ஊர் டீச்சரே இரண்டு மையத்தையும் பார்க்கிறார். வாரத்தில் மூன்று நாள் இங்கே வருகிறார். மற்ற நாட்களில் சமைக்கிறவர்தான் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, பாட்டுச் சொல்லி, தூங்கவும் வைக்கிறார்.

இதைச் சொல்வதற்காக மட்டும் உனக்கு எழுதவில்லை. ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் ஊராட்சிக் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவின் கூட்டம். தீர்மானப் புத்தகத்தின்படி நீ அதில் கலந்துகொண்டிருக்கிறாய். அப்போது நீ இறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

இதை மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒவ்வொரு ஊராட்சியிலும் இப்படி ஒரு குழு இருக்க வேண்டும். ஊராட்சித் தலைவரம்மா, பள்ளித் தலைமையாசிரியர், அங்கன்வாடி டீச்சர் என்ற முறையில் நீ, பள்ளி மேலாண்மைக் குழுவிலிருந்து நான், இன்னும் சிலர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். எந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை, யாருக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது, அரசு தருவதாகச் சொன்னது வந்து சேர்ந்ததா என்று பார்த்து எழுத வேண்டும். எழுதியது மாவட்டத்துக்குப் போகும்.

நாம் எப்படிக் கூடினோம் என்பது உனக்குத் தெரியும். குடிநீர்த் தொட்டி பார்க்கிற முனிரத்தினம் அண்ணன் தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிட வருவார். அவருடைய சைக்கிள் கேரியரில் அந்தப் புத்தகமும் வரும். யார் யார் வீட்டு வாசலில் நிற்கிறார்களோ அவரவர் கையெழுத்துப் போடுவார்கள். தெருவெல்லாம் தண்ணீர் வந்து முடிந்தால் கூட்டமும் முடிந்தது.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். நான் ஷூ கம்பெனி பஸ் பிடிக்கக் கிளம்பிவிட்டால் என் கையெழுத்தை நீ போட்டாய். நீ சர்ச்சுக்குப் போயிருந்தால் உன்னுடையதை நான் போட்டேன். "உன் கையெழுத்த நீயே இவ்ளோ அழகா போட மாட்டடி, சுமதி" என்று புத்தகத்தைக் காட்டிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். தப்பு என்று நம் இருவருக்குமே தோன்றவில்லை. மற்றவர்கள் வேலை செய்யாமலே கையெழுத்துப் போடுகிறார்கள், நாம் அப்படி இல்லையே என்றுதான் நினைத்தோம். நீ உண்மையிலேயே வீடு வீடாகப் போனாய். நானும் பள்ளிக்கூடத்தில் சண்டை போட்டு இரண்டு கழிப்பறை கட்ட வைத்தேன். புத்தகம் வெறும் புத்தகம்தானே?

அடுத்த தெரு செல்வியின் மகள் காவியா விஷயத்தைக் கண்டுபிடித்தது நீதான். உன் மையத்துக்கு வந்த அவள் தம்பி, "அக்கா ஸ்கூலுக்குப் போல டீச்சர். வூட்லதான் கீது, ஷூ தைக்குது" என்று சொல்லியிருக்கிறான். அன்று மாலையே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து என்னைக் கூப்பிட்டாய்.

"செல்வி கை ஒடஞ்சிச்சில்ல, அதுலேர்ந்து அவ பொண்ணு தைக்க ஒக்காந்துட்டாடி. ஒம்பதாங் கிளாசு. வர்ற கூட்டத்துல சொல்லியே ஆவணும்."

"எந்தக் கூட்டம்? முனிரத்தினம் அண்ணன் சைக்கிள்லயா?"

"கம்முனு இரு. இந்த வாட்டி நெஜமாவே கூட்டறேன் பாரு."

அடுத்த வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஆறு நாள் இருந்தாய். ஆறாம் நாள் முடியும் முன்பே போய்விட்டாய்.

நாற்பது நாள் கழித்து ஒரு காலையில் தண்ணீர் வந்தது, புத்தகமும் வந்தது. ஒரு கையில் குடம். மறு கையால் என் பெயருக்கு நேரே போட்டேன், அப்படியே மேலே நகர்ந்து உன் பெயருக்கு நேரேயும் போட்டேன். பேனாவை எடுத்ததும் என்ன செய்தேன் என்று தெரிந்துவிட்டது. அடித்திருக்கலாம். உன் பெயர் மேல் கோடு போட அன்று என் கை வரவில்லை. முனிரத்தினம் அண்ணன் கவனிக்காமல் புத்தகத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

கையெழுத்துக்கு மேலே இருந்த தீர்மானத்தை நான் படிக்கவில்லை. படிக்காமலே தெரியும், எப்போதும் அதே வரிதான். "நமது ஊராட்சியில் பள்ளி இடைநின்ற குழந்தைகள், குழந்தைத் தொழிலாளர், குழந்தைத் திருமணம் ஏதும் இல்லை என ஒருமனதாகத் தெரிவிக்கப்பட்டது." அன்று காவியா நம் தெருவுக்கு அடுத்த தெருவில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒருத்தி இல்லை என்று சொல்லத்தான் உன்னையும் அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சென்ற மாதம் மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நம்மைவிடச் சின்னப் பெண். இந்தக் குழுக்களெல்லாம் வேலை செய்கின்றனவா என்று ஊர் ஊராகப் பார்த்து வருகிறாராம். தலைவரம்மா, தலைமையாசிரியர், முனிரத்தினம் அண்ணன், நான் எல்லோரும் ஊராட்சி அலுவலகத்தில் இருந்தோம். அவர் டீயைத் தொடாமல் புத்தகத்தைப் புரட்டினார். நான் இரண்டு கையெழுத்தும் போட்டதுதான் அதில் கடைசிக் கூட்டம், அதற்குப் பிறகு புத்தகம் சுற்றி வரவே இல்லை.

"எஸ்தர்னு ஒருத்தர் ஒரு கூட்டம்கூட விடாம வந்திருக்காங்களே. அவங்ககிட்ட பேசணும். கூப்பிடுங்க."

தலைவரம்மா புடவைத் தலைப்பைச் சரிசெய்தார். "அவங்க லீவுல கீறாங்க மேடம்."

"எத்தனை நாள் லீவு?"

"அது கொஞ்சம் ஜாஸ்தி லீவுங்க" என்றார் முனிரத்தினம் அண்ணன்.

நீ அங்கே இருந்திருந்தால் சிரித்தே எல்லோரையும் காட்டிக்கொடுத்திருப்பாய். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டுதான் வந்தது. வாயைத் திறந்தபோது அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே சொன்னேன்: "அவ செத்துப்போய்ட்டா மேடம். அந்தக் கையெழுத்து நான் போட்டது."

திட்டுவார் என்று நினைத்தேன். பேனாவைக் கீழே வைத்தார். "கையெழுத்துக்கு அப்புறம் வர்றேன். மேல எழுதியிருக்கறது உண்மையா? படிப்ப நிறுத்தின பிள்ளை ஒண்ணுகூட இந்த ஊர்ல இல்லையா?"

மேசைக்கு அடியில் தலைவரம்மா என் காலை மிதித்தார். அவருக்கும் தெரியும். ஊர் பெயர் கெட்டுவிடும், செல்வி மேல் கேஸ் போட்டுவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இருந்தும் சொல்லிவிட்டேன், "காவியான்னு ஒரு பொண்ணு இருக்கு" என்று.

சரியாகச் செய்தேனா, எஸ்தர்? நீயாக இருந்தால் முதலில் செல்வியிடம் பேசிவிட்டு அப்புறம்தானே பெயரைச் சொல்லியிருப்பாய்?

ஒரு வாரத்துக்குள் உண்மையான கூட்டம் நடத்த வேண்டும் என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தார். வாசலில் நின்று என்னிடம் மட்டும் சொன்னார்: "அடுத்த மாசம் நான் நோட்டைப் பாக்க வரலைங்க. அந்தப் பொண்ணைப் பாக்க வர்றேன்."

கூட்டத்தை உன் மையத்தில் வைத்தோம். பிள்ளைகளின் குட்டி பிளாஸ்டிக் நாற்காலிகளில் தலைவரம்மாவும் தலைமையாசிரியரும் முழங்காலை மார்போடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதல் தீர்மானத்தை நான்தான் எழுத வேண்டியிருந்தது. "உறுப்பினர் திருமதி எஸ்தர் இயற்கை எய்தியதால்" என்று தொடங்கி, அவருக்குப் பதிலாக வேறு உறுப்பினரைச் சேர்ப்பது. நீ இறந்துபோனதை இந்த எட்டு மாதத்தில் என் கையால் எழுதியது அன்றுதான்.

இரண்டாவது காவியா. செல்வி ஒரு பை நிறைய ஷூவின் மேல்தோல்களைக் கொண்டுவந்து, பேச்சுக்கு நடுவிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். கை சேர்ந்துவிட்டது, ஆனால் மணிக்கட்டு இன்னும் முழுதாக மடங்கவில்லை. தலைவரம்மா ஆரம்பிப்பதற்குள் அவளே ஆரம்பித்துவிட்டாள்.

"எம் பொண்ணு பேர எழுதிக் குடுத்தது நீதான சுமதிக்கா? கம்பெனில ஒக்காந்துக்குனு அவ தச்சத பாஸ் பண்றதும் நீதான். அப்ப தெரில, இப்பத்தான் தெரிஞ்சிச்சா?"

அவள் சொன்னது நிஜம். வீடுகளுக்குக் கொடுத்தனுப்பித் தைத்து வாங்குகிற சரக்கு மூட்டையாக எங்கள் மேசைக்கு வரும். தையல் தளர்ந்திருக்கிறதா, நூல் பிசிறியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதுதான் என் வேலை. கொஞ்ச நாளாக ஒரு மூட்டையில் மட்டும் தையல் மிகவும் நெருக்கமாக, ஒரே சீராக இருந்தது. யாரோ நல்ல கைக்காரி என்று பக்கத்தில் இருப்பவளிடம் காட்டிப் பாராட்டினேன். யார் என்று கேட்கவில்லை.

"எஸ்தர் டீச்சர் இருந்தா வூட்டுக்கு வந்து பேசியிருக்கும். இப்டி எழுதிப் பேஜார் பண்ணியிருக்காது" என்றாள் செல்வி.

காவியா கதவோரம் நின்றிருந்தாள். விரல் நுனிகளில் பிளாஸ்திரி. தலைமையாசிரியர், "வாம்மா, திங்கக்கிழமையே வந்துடு, யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றார். அவள் அவரைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: "நான் போய்ட்டா ரெண்டு மூட்ட எப்டிம்மா முடிப்ப?"

செல்வி ஊசியை நிறுத்தினாள். "ஒண்ணு வாங்குவேன். போறியா?"

"போறேன்."

அவ்வளவுதான் பேச்சு. கேஸ் எதுவும் போடவில்லை. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மாதாமாதம் அரசு தருகிற உதவி ஒன்று இருக்கிறதாம். அந்த அதிகாரிதான் சொன்னார். அப்படி ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது, இல்லை என்று எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு யார் வந்து சொல்வார்கள்? விண்ணப்பம் போட்டிருக்கிறோம். பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் வேறு மாதிரி இருக்கிறது என்று ஒருமுறை திரும்பி வந்தது. திருத்தி மறுபடி அனுப்பியிருக்கிறேன். இன்னும் வரவில்லை.

என் விஷயம்: விளக்கக் கடிதம் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். குழுவில் என்னை வைத்திருப்பார்களா என்று தெரியாது. கம்பெனியிலும் சொன்னேன், வீடுகளில் யார் தைக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று. மேனேஜர், "அது ஏஜென்ட் வேலை மேடம்" என்றார். மறுபடி கேட்டேன். ஷிப்மெண்ட் முடியட்டும் என்றார். முடிந்ததும் திரும்பவும் கேட்பேன். என் வேலைக்கு அது நல்லதல்ல என்று தெரிந்துதான் கேட்கிறேன்.

நான் அடிக்கடி யோசிப்பது வேறு ஒன்று. பிள்ளைகள் விஷயத்தில் அரசு சொன்னதைச் செய்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் நம்மைப் போட்டார்கள். மேலே இருப்பவர்களுக்கு என்ன கேட்கப் பிடிக்குமோ அதை நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். பிறகு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சுவரோரம் நின்று திட்டினோம். நாம் கெட்டவர்கள் இல்லை எஸ்தர். ஆனால் நம்மை நம்பி மேலே இருக்கிற யாரோ ஒருவர், இந்த ஊரில் காவியா என்று ஒருத்தியே இல்லை என்று முடிவு செய்திருக்கிறார்.

காவியா பள்ளிக்குப் போக ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் எல்லா நாளும் போனாள். இரண்டாம் வாரம் அவசர சரக்கு வந்தது, இரண்டு நாள் போகவில்லை. இந்த வாரம் ஒருநாள் போகவில்லை. காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு முன்னால் அவள் வீட்டு வழியாக நடக்கிறேன். செல்வி இன்னும் என்னிடம் பேசுவதில்லை. ஆனால் யூனிபார்ம் காய்வது கொடியில் தெரிகிறது.

வியாழக்கிழமை அந்த அதிகாரி மறுபடி வருகிறார். அன்று காவியா வகுப்பில் இருப்பாளா, வீட்டில் இருப்பாளா, எனக்குத் தெரியாது. முந்தின நாள் போய் அவளைக் கட்டாயப்படுத்தி அனுப்பிவைக்கலாம் என்று தலைவரம்மா சொன்னார். வேண்டாம் என்றேன். வகுப்பில் இருந்தால் இருக்கிறாள் என்று சொல்வேன். இல்லையென்றால், இல்லை, இதற்கு முன்பும் மூன்று நாள் வரவில்லை, உதவித்தொகையும் வரவில்லை என்று சொல்வேன். அதிகாரியை நேரே செல்வி வீட்டுக்குக் கூட்டிப்போவேன். செல்வி என்னைத் திட்டினால் அவர் முன்னாலேயே திட்டட்டும்.

உன் பெயருக்கு நேரே இனி எதுவும் எழுத மாட்டேன், எஸ்தர். என் பெயருக்கு நேரே போடும் முன் அந்தந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டுப் போடுவேன்.

உன் பிரிசில்லாவுக்குப் பெரியம்மா,
சுமதி