இருநூற்று முப்பத்து நான்கு கட்டங்கள்

மே 9

இந்த டைரிக்கு விலை கிடையாது. நவம்பருக்கு முப்பத்தொரு நாள் போட்டு அச்சடித்த கழிவு லாட். மெய்ப்புப் பார்த்த புண்ணியவதி நான்தான். பிரஸ் முதலாளி அண்ணாச்சி திட்டவில்லை. ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்து, "இந்தா பொன்னுத்தங்கம், ஒன் நவம்பர் முப்பத்தொண்ணு. நீயே வச்சு எழுது" என்றார். திட்டியிருந்தால் தேவலாம்.

நாலு மாதம் சும்மா கிடந்தது. இப்போது எழுத விஷயம் வந்துவிட்டது. என் தங்கச்சி பானுப்பிரியா எம்.எல்.ஏ.

பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னினவள், பிறகு ஊராட்சித் தலைவி, இப்போது மாண்புமிகு! ஆயிரத்துச் சொச்சம் ஓட்டில் ஜெயித்தாள். மளிகைக் கடைக்காரர் நேற்றிலிருந்து எனக்குத் தேங்காயைத் தட்டிப் பார்த்துக் கொடுக்கிறார். இத்தனை வருஷம் தட்டாமல் கொடுத்திருக்கிறார் என்பது இப்போதுதான் தெரிகிறது.

மே 11

அண்ணாச்சி செந்தூர்பாண்டிக்குப் புது யோசனை. புதிய சட்டமன்ற உறுப்பினர்கள் எல்லாரும் உள்ள ஒரே சார்ட். பள்ளிக்கூடங்களுக்கு, கட்சி ஆபீஸ்களுக்கு. அடுத்த தெரு பிரஸ்ஸுக்கு முன்னால் நாம் முந்த வேண்டும்.

குறுக்கே பதினெட்டு, நெடுக்கே பதின்மூன்று. மொத்தம் 234 கட்டம். கணக்குக் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது, உட்காருகிற ஆட்கள்தான் எப்படியோ. ஆளுங்கட்சி அணி 121, எதிரணி 96, சில்லறை 17. கட்டத்துக்கு அடியில் அணி நிறம். ஆளுங்கட்சிக்கு ஊதா, எதிர்க்கட்சிக்கு மஞ்சள், சில்லறைக்கு ரோஸ். எந்தக் கொள்கையிலிருந்து வந்த நிறம் என்று யாரும் ஆராய வேண்டாம். குடோனில் மிச்சம் கிடந்த மை.

பானு மஞ்சள்.

மே 14

போட்டோ சேகரிக்கிறேன். மக்கள் பிரதிநிதிகளில் பாதிப்பேர் கல்யாண ஆல்பத்திலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒருவர் பக்கத்தில் இருந்த மனைவியை வெட்டியதில் மாலையில் பாதி போய்விட்டது. அறுபது வயசுக்காரருக்கு இருபத்தெட்டு வயசு முகம். "இவரு ஜெயிச்சாரா, இவரு மகன் ஜெயிச்சாரா?" என்று அண்ணாச்சி கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 2

சார்ட் முதல் பதிப்பு வந்தது. நடுவில் மந்திரி சபை ரெண்டு தடவை இடம் மாறியதால் அச்சுப் பிளேட்டும் ரெண்டு தடவை மாறியது. ஆனாலும் முந்திவிட்டோம்.

பானு சென்னையிலிருந்து போன் போட்டாள். "அக்கா, நான் எங்கன இருக்கேன்?"

"கட்டம் நூத்தி எழுபத்தொண்ணு. கடைசிக்கு நாலாவது வரிசை, ஓரத்துலருந்து ஒம்பதாவது."

"சபையிலயும் அப்படித்தாங்க்கா. தூணுக்குப் பின்னாடி. சபாநாயகரு மூக்கு மட்டுந்தான் தெரியுது."

சிரித்தோம். பிறகு அவளே சொன்னாள், மறக்கவில்லை என்று. எதை என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா இருளம்மாள் வேலை பார்த்த பட்டாசு ஷெட் வெடித்தது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தீக்காயத்துக்கு டாக்டரும் இல்லை, கட்டிலும் இல்லை. மதுரைக்குக் கொண்டுபோன வண்டி திருமங்கலம் தாண்டவில்லை. மறுநாள் பானு ஆஸ்பத்திரி கேட் முன்னால் உட்கார்ந்தாள், எழுந்திருக்கவே இல்லை. அந்த உட்காரல்தான் அவளை ஊராட்சித் தலைவியாக்கியது, எம்.எல்.ஏ. ஆக்கியது. தேர்தலில் அவள் கொடுத்தது ஒரே வாக்குறுதி: தீக்காய வார்டு.

என் வீட்டுக்காரர் பெத்தணன் இன்றும் வெடிமருந்து கலக்கும் ஷெட்டில்தான் வேலை. காலையில் அவர் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டும்வரை நான் அடுப்பு பற்ற வைப்பதில்லை. அந்த வார்டு எனக்கு அரசியல் இல்லை.

ஜூன் 20

கட்டம் 41 மஞ்சளை விட்டு ஊதாவுக்குப் போகிறார். நேற்றுவரை "கொடுங்கோல் ஆட்சி". இன்று "தாயுள்ளம் கொண்ட ஆட்சி". கட்சி மாறினால் பதவி போகும் என்று சட்டம் இருப்பதால் முதலில் ராஜினாமா, அப்புறம் மாலை, அப்புறம் இடைத்தேர்தலில் அதே தொகுதி. எனக்கு அதில் ரெண்டு திருத்தம்: மஞ்சளிலிருந்து சாம்பல், சாம்பலிலிருந்து ஊதா. சாம்பல் கட்டத்தில் முகம் இருக்காது. 'காலியிடம்' என்று எழுத்து மட்டும்.

பெத்தணனிடம் சொன்னேன். "ஒன் தங்கச்சியும் போயிருவாளோ?" என்றார். சோற்றில் கை வைத்திருக்கிறவரை என்ன சொல்ல முடியும்? முறைத்ததோடு விட்டேன்.

ஜூலை 8

இன்று சபையில் பானு பேசினாள். தெருவே போனைப் பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டு மாடத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள், பேச்சு தொடங்குவதற்கு முன்னால்.

கொடுத்தது ரெண்டு நிமிடம். அதில் ஒன்றே முக்கால் நிமிடம் நன்றி. தலைவருக்கு நன்றி, தலைவரின் தகப்பனாருக்கு நன்றி, கொறடாவுக்கு நன்றி, மாவட்டத்துக்கு, ஒன்றியத்துக்கு, வாக்களித்த மக்களுக்கு. "எங்க ஊரு ஆசுபத்திரியில..." என்று தொடங்கினாள். மணி அடித்துவிட்டார்கள்.

போனில் கத்தினேன். "ஏட்டி, வார்டு கேக்கப் போனியா, வாழ்த்து மடல் வாசிக்கப் போனியா?"

"நன்றி சொல்லாட்டி அடுத்த தடவ பேரே குடுக்க மாட்டாகக்கா."

"இப்பக் குடுத்து என்னத்தக் கிழிச்ச?"

போனை வைத்துவிட்டேன்.

ஜூலை 9

மந்திரி பதில் சொல்லிவிட்டார். அரசின் பரிசீலனையில் உள்ளது. அம்மா செத்த வருஷமும் பரிசீலனையில்தான் இருந்தது.

ஆகஸ்ட் 18

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும், இதை யார் மெய்ப்புப் பார்க்கப் போகிறார்கள்?

ஆளுங்கட்சி ஒன்றியச் செயலாளர் காளிராஜ் பதினோரு மணிக்கு வந்தார். அவசர ஆர்டர். மூவாயிரம் போஸ்டர், இருபதாம் தேதி ராத்திரிக்குள் சுவரில் இருக்க வேண்டும். அண்ணாச்சி துண்டுச் சீட்டை என் மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போனார். அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

'கழகத்தில் இணைய வருகை தரும் எங்கள் தொகுதியின் தங்கமகள் பானுப்பிரியா அவர்களே வருக வருக!'

எத்தனை பேருக்கு இந்த 'வருக வருக' போட்டிருக்கிறேன்! இந்த ஊரில் டி.வி.க்கு முன்னால் எங்களுக்குத் தெரிந்துவிடும், யார் எங்கே தாவுகிறார்கள் என்று. பெருமையாக இருக்கும் எனக்கு. இன்று என் கூடப்பிறந்தவள் தாவுவதைத் துண்டுச் சீட்டில் படித்தேன். பெருமையோ பெருமை!

"காளிராஜ் அண்ணே, இது அவளுக்குத் தெரியுமா?"

"என்னம்மா கேக்கீக? ஒங்க தங்கச்சிக்குத் தெரியாமயா? ஒங்ககிட்ட சொல்லலையா?"

சொல்லலையா! நல்ல கேள்வி.

போஸ்டரை வடிவமைத்தேன். ஊதாப் பின்னணி. காளிராஜ் அனுப்பிய படம் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தது, தலை கலைந்து, வாய் திறந்து. எங்கள் தொழிலில் அச்சுக்குப் போகுமுன் வாடிக்கையாளருக்கு மெய்ப்பு அனுப்பிச் சம்மதம் வாங்க வேண்டும். அனுப்பினேன். காளிராஜுக்கு இல்லை, பானுவுக்கு. 'ப்ரூஃப் பார்த்து ஓகே சொல்லவும்' என்று மட்டும் போட்டேன்.

ரெண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஆகஸ்ட் 19

பதில் வந்தது. காலை ஆறு பத்துக்கு.

'அந்தப் போட்டோ வேண்டாம்க்கா. வேற போடு.'

அவ்வளவுதான். மன்னிப்பு இல்லை, காரணம் இல்லை, 'அக்கா கோவப்படாதே' கூட இல்லை. அம்மணிக்குப் போட்டோ பிடிக்கவில்லையாம்! நல்லா, சிரிச்ச மொகமா ஒண்ணு தேடிப் போட்டேன். ஒன் மொகரைக்கு இது போதுமாட்டி?

பிறகு அவளே கூப்பிட்டாள். "அக்கா, நேர்ல வந்து சொல்லுறேன். இப்ப வெளிய தெரியக்கூடாது."

"மூவாயிரம் போஸ்டர் அடிச்சு வெளிய தெரியக்கூடாதா?"

"நான் சொன்னா நம்புவியாக்கா?"

"நம்ப மாட்டேன். வையி போனை."

ஆகஸ்ட் 21

ராஜினாமா செய்துவிட்டாள். சபாநாயகர் பத்து நிமிடத்தில் ஏற்றுக்கொண்டார். மூன்று மாதம் மூக்கு மட்டும் தெரிந்த மனுஷன், இன்றைக்கு முழு முகம் காட்டியிருப்பார்.

தெருவில் ஒரே கேள்வி: "எம்புட்டு குடுத்தாகளாம்?" மளிகைக் கடையில் தேங்காய் தட்டுவதை நிறுத்திவிட்டார்கள். மாடத்தி என்னைக் கண்டதும் கோலப்பொடி டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அவள் மகள் கை இன்னும் முழுசாக விரிவதில்லை, அம்மா செத்த அதே ஷெட்தான். அவளிடம் நான் என்ன சொல்வேன்?

ஆகஸ்ட் 22

சார்ட் இரண்டாம் பதிப்பு. கட்டம் 171. படத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். ஒரு விரல் வேலை. சாம்பல் நிறம் நிரப்பி 'காலியிடம்' என்று அடித்தேன். அண்ணாச்சி பின்னால் நின்று, "நான் வேற ஆள வச்சுச் செய்யச் சொல்லியிருப்பேனே" என்றார். வேண்டாம் அண்ணாச்சி, இதை நானே செய்யணும் என்றேன்.

செப்டம்பர் 6

பானு வாசலுக்கு வந்தாள். நான் கதவைத் திறக்கவில்லை. பெத்தணன் ஜன்னல் வழியாகத் தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அக்டோபர் 19

இடைத்தேர்தல் வேட்பாளர் அறிவிப்பு. பானு இல்லை! அவளுக்கு 'மகளிரணித் துணை அமைப்பாளர்களில் ஒருவர்'. வேட்பாளர் செழியன், மாவட்டச் செயலாளரின் கார் டிரைவர். அவருக்கும் ஊதாவில் போஸ்டர் அடித்தோம். சிரித்தேன், வயிறு வலிக்கச் சிரித்தேன். என் தட்டை அப்படியே மூடி வைத்தேன்.

அக்டோபர் 27

தேர்தல் வந்தால் சிமெண்டும் சீக்கிரம் காய்கிறது. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கட்டடம் எழும்புகிறதாம். செழியனின் சாதனை என்று நோட்டீஸ் போட்டிருக்கிறார்கள். அந்த நோட்டீஸையும் நான்தான் வடிவமைத்தேன். இன்னும் ஜெயிக்காத மனுஷனுக்குச் சாதனை.

நவம்பர் 14

செழியன் வெற்றி. கட்டம் 171 ஊதா. மூன்றாம் பதிப்பு.

நவம்பர் 24

தீக்காய வார்டு திறப்பு விழா அழைப்பிதழ் ஆர்டர். காளிராஜ் கொண்டுவந்தார். மந்திரி, செழியன், காளிராஜ், இன்னும் பதினாறு பேர். பானு பெயர் இல்லை. 'மற்றும் பலர்' இருந்தது.

அடியில் எழுதியிருந்ததை அப்படியே அடித்துக்கொண்டு வந்தேன். 'அரசாணையின்படி (நாள்: ஆகஸ்ட் 20)'. விரல் நின்றுவிட்டது.

மதியம் சாப்பிடாமல் இந்த டைரியைத் திருப்பினேன். ராஜினாமா ஆகஸ்ட் 21. அரசாணை ஆகஸ்ட் 20. அதாவது அரசாணை கையில் வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். தெரு கேட்டதே, எம்புட்டு என்று. இதுதான் அந்த எம்புட்டு. இது வெளியே தெரிந்திருந்தால் அவள் கட்சிக்காரர்களே கோர்ட்டுக்குப் போய் வார்டை நிறுத்தியிருப்பார்கள்.

அவள் வேண்டாம் என்ற அந்தப் போட்டோவையும் தேடினேன். அண்ணாச்சியின் பழைய கம்ப்யூட்டரில் முழுப்படம் இருந்தது. ஆஸ்பத்திரி கேட். தரையில் பானு. அவள் மடியில் அம்மாவின் செருப்பு. நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், என் முகம்கூடத் தெரிகிறது. அந்த நாள் முகத்தை 'வருக வருக'வில் போட வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். நான் அழகு பார்க்கிறாள் என்று நினைத்தேன். மெய்ப்புப் பார்க்கிறவளாம் நான்! கூடப்பிறந்தவளைப் படிக்கத் தெரியவில்லை. பாவி நான், பாவி.

அழைப்பிதழை அவளுக்கு அனுப்பினேன். 'ப்ரூஃப் பார்த்து ஓகே சொல்லவும்.' ஐந்து நிமிடம் கழித்து, 'மன்னிச்சிரு' என்றும் அனுப்பினேன்.

ரெண்டாவதற்குப் பதில் இல்லை. முதலாவதற்கு வந்தது.

'கட்டில் ஆறுன்னு போட்டுருக்கு. அரசாணையில எட்டுக்கா. ரெண்டு எங்கன போச்சுன்னு கேளு.'

தன் பெயர் இல்லாததைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

நவம்பர் 25

நான் யாரிடமும் கேட்கவில்லை. 'எட்டுப் படுக்கைகள் கொண்ட' என்று மாற்றினேன். காளிராஜ் மெய்ப்பில் தன் பெயரையும் தன் படத்தையும் மட்டும் பார்த்து ஓகே சொன்னார். ரெண்டாயிரம் அழைப்பிதழ், முந்நூறு போஸ்டர், ஒரு பேனர். எல்லாவற்றிலும் எட்டு. அண்ணாச்சி கவனித்தார். "நவம்பர் முப்பத்தொண்ணு மாதிரி ஆயிறப் போவுது" என்றார். "இந்தத் தடவ தப்பு நம்மகிட்ட இல்ல அண்ணாச்சி" என்றேன்.

நவம்பர் 31

இன்று டிசம்பர் 1. ஆனாலும் இந்தப் பக்கத்தில்தான் எழுதுவேன்.

திறப்பு விழாவுக்குப் போனேன். பானு கூட்டத்தின் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரம் நின்றாள். மேடைக்கு யாரும் கூப்பிடவில்லை. போய்ப் பக்கத்தில் நின்றேன். மாடத்தி அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் பக்கத்திலேயே நின்றாள்.

மந்திரி ரிப்பனை வெட்டிவிட்டுப் போன பிறகு நாங்கள் உள்ளே போனோம். பானு வாசலிலிருந்தே எண்ணினாள், விரல் நீட்டி. ஆறு கட்டில் வெள்ளை. கடைசி ரெண்டும் பச்சை, பிளாஸ்டிக் உறை கூடக் கிழிக்காமல், பேனரில் எட்டு என்று இருந்ததற்காக நேற்று ராத்திரி எங்கிருந்தோ தூக்கிக்கொண்டு வந்தவை.

"எட்டுக்கா" என்றாள்.

உறையை நானே கிழித்தேன்.