குளவி என்றே சொல்லியிருக்கலாம்

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கிற வெற்றிலைக் கடையில், இன்று காலை கடைக்காரர் புதுச் சுண்ணாம்பில் தண்ணீர் விட்டுக் குழைத்துக்கொண்டிருந்தார். அந்த ஈர வாசம் மூக்கில் ஏறியதும் அங்கேயே நின்றுவிட்டேன். நான் ஏற வேண்டிய பஸ் வந்தது, போனது. "டீச்சர், வெத்தலையா?" என்று அவர் கேட்டதற்குத் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது உன் நெற்றியிலும் கழுத்திலும் காது மடலிலும் அதே சுண்ணாம்பு பொட்டுப் பொட்டாகக் காய்ந்திருந்தது. யாரும் துடைத்திருக்கவில்லை. என் சேலைத் தலைப்பை நனைத்து நான்தான் துடைத்தேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உயிரோடு இருந்தபோதே நான் எழுதியதை நீ படித்ததில்லை. "நீ எழுதுறதுக்குக் கண்ணாடி வேணும், பேசுறதுக்குக் காது போதும். எனக்குக் காதுதான் நல்லா இருக்கு" என்பாய். ஆனாலும் உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை. கையால் முயன்று பார்க்கிறேன்.

றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள் நாம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தோம். ஓ.எல். பரீட்சைக்கு முன்பே நீ கொழுந்தெடுக்கப் போய்விட்டாய். நான் படித்து, விஞ்ஞான டீச்சராகி, டவுனுக்குக் குடிவந்தேன். அதற்காக நீ என்னிடம் ஒருநாளும் மரியாதை காட்டியதில்லை, நல்லவேளை. "எங்க டீச்சரம்மா வாராங்க, எல்லாரும் வாயைப் பொத்துங்க" என்று லயத்து வாசலிலேயே என் மானத்தை வாங்குவாய்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நிபுணரைப் போனில் பிடித்து, பதினைந்து நிமிஷம் பேசிப் பதிவு செய்து, தோட்டத்து வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்பும் வேலையை நான் தொடங்கியபோது முதலில் கேட்டவள் நீதான். மண்ணை ஆராய்கிற ஒருவரோடு பேசியிருந்தேன். கேட்டுவிட்டுப் போன் எடுத்தாய். "ரெண்டு படிச்ச ஆளுங்க பேசிக்கிறதை நாங்க ஜன்னல்கிட்ட நின்னு ஒட்டுக்கேட்ட மாதிரி இருக்குடி" என்றாய். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் நானே வந்து, அடுத்த ஞாயிறு என் பக்கத்தில் உட்கார்ந்து நீயே கேள் என்று சொன்னேன்.

அப்புறம்தான் அது உருப்பட்டது. என் சமையலறையில், தகரத்தில் மழை விழும் சத்தம் உள்ளே வராமலிருக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டு, மேசைக்கு இரண்டு பக்கமும் நாம் இரண்டு பேர். புரியாவிட்டால் நீ கையைத் தூக்க வேண்டும் என்று ஒப்பந்தம். நீயோ கையைத் தூக்கமாட்டாய், "நிப்பாட்டுங்க ஐயா" என்று நேராகவே சொல்லிவிடுவாய். சர்க்கரை வியாதி டாக்டர் ஒருவர், மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்று அழகாகச் சொல்லிக்கொண்டு போனார். "ஐயா, காலையில ரொட்டி, பகலுக்கு ரொட்டி, ராவைக்குச் சோறு. இதுல எதைக் குறைச்சா எதைத் திங்கிறது?" என்று கேட்டாய்.  டாக்டர் அதுவரை பேசியதையெல்லாம் தள்ளிவிட்டு, ஒரு ரொட்டியைக் குறைத்து எந்தக் கீரையை எவ்வளவு வைப்பது என்று தன் வீட்டு ஆளிடம் சொல்வதுபோலச் சொன்னார். அந்தப் பதிவைத்தான் ஊரெல்லாம் கேட்டது. நிபுணர்களுக்குத் தெரியாமலா இருக்கிறது? எல்லாம் தெரியும். அதை வெளியே எடுக்கக் கேள்வி வேண்டும், அந்தக் கேள்வி உன்னிடம்தான் இருந்தது.

குளவி பற்றிக் கேட்க வேண்டும் என்று சொன்னதும் நீதான். அதற்கு முந்திய வருஷம் மலையில் உனக்கு நாலைந்து கொட்டு விழுந்து, முகம் பானையாக வீங்கி, ஒருநாள் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தாய். "கூட நின்னவளுக்குப் பத்துக் கொட்டு, அவ சும்மா இருக்கா. எனக்கு மட்டும் ஏன் அப்படி வந்துச்சு? அதைக் கேளு" என்றாய். அதுவரை நீ கேட்டதெல்லாம் ஊருக்கு. இந்த ஒரு கேள்வி மட்டும் உனக்கு.

பூச்சிகளை ஆராய்கிற பேராசிரியர், யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுஷர். நீ நடந்ததையெல்லாம் சொன்னாய். "அது குளவி இல்லைப் பிள்ளை" என்றார் அவர். "மரத்திலயும் பாறையிலயும் பெரிய அடையாத் தொங்குறது மலைத்தேனீ. குளவி கொட்டினால் கொடுக்கு உள்ளுக்க நிக்காது. தேனீன்ர கொடுக்கு தோலுக்குள்ள நிண்டு நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். கண்ட உடனை சுரண்டி எடுத்துப்போட வேணும், விளங்குதோ?" சிங்களத்தில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, தேனீக்குப் பம்பரா, குளவிக்குத் தெபரா என்று. நமக்கு மட்டும் கொட்டுவதெல்லாம் குளவி.  இத்தனை வருஷமாக ஒரு மலையகமே தவறான பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது, அதை நான் திருத்தப்போகிறேன்! டீச்சர் புத்தி.

பிறகு அவசரப் பிரிவு டாக்டரைப் பிடித்தோம். அவர் நம் பக்கத்து ஆள். உன் உடம்பு அந்த விஷத்துக்கு மிரண்டு போகிற உடம்பு, அடுத்த முறை நிமிஷக் கணக்கில் மோசமாகலாம் என்று சொன்னார். "நாக்கு வீங்கி, தலை சுத்துனா நடக்க மட்டும் விடாதீங்க. அந்த இடத்திலேயே படுக்க வச்சு, காலைத் தூக்கி வைங்க. அப்படியே படுக்கையா தூக்கிட்டு வாங்க. நேரத்துக்கு ஊசி போட்டா பெரும்பாலும் காப்பாத்திரலாம். எழும்பி நடந்தா இரத்தம் காலுக்கு இறங்கிரும், அதுதான் ஆளைக் கொல்லும்" என்றார். நீ அதை இரண்டு தரம் திரும்பச் சொல்லச் சொன்னாய். நீயும் கூடவே முணுமுணுத்தாய், வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல.

பதிவை நான் வெட்டி ஒட்டும்போது நீ தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாய். 'மலைத்தேனீ கொட்டினால்' என்று தலைப்பு வைத்தேன்.

"தேனீன்னு போட்டா தேன் எடுக்கிறவன்தான் கேப்பான்டி. கொழுந்து எடுக்கிறவ கேக்க மாட்டா. குளவின்னே போடு" என்றாய்.

"தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டே எப்படிடி போடுறது? நாளைக்குப் பிள்ளைங்க முன்னால நான் நிக்க வேண்டாமா?"

"பேரா கொட்டுது? பூச்சிதானே கொட்டுது."

"நீ பேசாம இரு. இது விஞ்ஞானம்."

"சரிங்க டீச்சரம்மா" என்று சிரித்தாய்.

நீ பேராசிரியரிடமே அதைக் கேட்டிருந்தாய். "எங்களுக்கு ரெண்டும் குளவிதாங்க ஐயா, நாங்க என்னான்னு கூப்பிடுறது?" என்று. சரியான பெயரைப் பழக்கலாம்தானே பிள்ளை என்று அவர் சிரித்தார். அந்த இடம் வழவழவென்று இழுக்கிறது என்று நான் வெட்டி எறிந்தேன். குளவி என்று வந்த மற்ற இடங்களையும் எடுத்துவிட்டு, அந்தச் சொல் ஒரே ஒரு இடத்தில் கூட இல்லாமல், சுத்தமாக, பிழையே இல்லாமல் அதை அனுப்பினேன். அனுப்பிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து, காலைத் தேத்தண்ணி நேரத்துக்குக் கொஞ்சம் முந்தி, டர்பன்டைன் மரத்தில் தொங்கிய கூட்டைப் பருந்து தட்டிவிட்டது. எல்லாரும் ஓடினார்கள். உனக்குத் தலையிலும் கழுத்திலும் விழுந்தது. உன்னோடு ஒரே நிரையில் கொழுந்தெடுக்கிற அக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "உடனே சுண்ணாம்பு தடவினோம் டீச்சர். மூஞ்சி வீங்கிருச்சு, பேச்சு வரல. மயங்க விடாதீங்க, நடக்க வைங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. ரெண்டு பேரு தோள்ல பிடிச்சு ரோட்டுக்குப் படியேத்தினோம். அவ ரெண்டு தடவை தரையைத் தரையைக் காட்டுனா. களைச்சுப் போயிட்டா, உக்காரக் கேக்குறான்னு நெனைச்சோம். உக்காந்தா மயங்கிருவாளேன்னு, 'கொஞ்ச தூரந்தான் தாயி, வா'ன்னு இழுத்துக்கிட்டுப் போனோம்."

கடைசிப் படியில் நீ சரிந்தாய். லொறி வந்தபோது முடிந்திருந்தது.

நான் அந்த அக்காவிடம் கேட்கக் கூடாததைக் கேட்டேன். "நான் அனுப்புனதை நீங்க யாரும் கேக்கலியா? அதுல சொல்லியிருந்தோமே!"

"எதை டீச்சர்? குளவிக்கு ஒண்ணும் வரலியே. தேனீயைப் பத்தி ஏதோ வந்துச்சு. நம்ம தோட்டத்துல யாரு தேனீ வளக்குறா?" என்றார். அழுதுகொண்டே, என்னைக் குறை சொல்லும் நினைப்பு கொஞ்சமும் இல்லாமல் சொன்னார்.

நீ காட்டியது களைப்பை அல்ல. படுக்க வையுங்கள் என்று சொல்லியிருக்கிறாய். அந்த மலையில் அது தெரிந்த ஒரே ஆள் நீ, உன் நாக்கு வீங்கிவிட்டது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் நாம் பதினைந்து நிமிஷம் பேசினோம். உன்னைப் படியேற்றியவர்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. உயிரைக் கொடுத்து இழுத்திருக்கிறார்கள். கோபமெல்லாம் ஒரு சொல்லின் மேல், அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நின்றவளின் மேல்.

பேராசிரியருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.  "குளவி எண்டே போடுங்கோ பிள்ளை. அந்தப் பிள்ளை கேட்டபோதே நான் ஓமெண்டு சொல்லியிருக்க வேணும்" என்றார்.  மறு ஞாயிறு புதிதாகப் பதிவு செய்தோம், 'குளவி கொட்டினால் நடக்க வைக்காதீர்கள்' என்று. முதல் வாக்கியத்திலேயே குளவி. தேனீ என்ற சொல் கடைசியில் ஒரே ஒரு முறை, வெட்கப்பட்டுக்கொண்டு வருகிறது. இப்போது சில தோட்டங்களில் காலைப் பெரட்டில், ஆட்கள் கூடி வேலைக்குப் பிரிகிற முன் ஒலிபரப்புகிறார்களாம். பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசினார். அவர் மனைவியைப் படங்குச் சாக்கில் படுக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனார்களாம், பிழைத்துக்கொண்டாளாம். நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். சந்தோஷம் வர வேண்டிய இடத்தில் எரிச்சல்தான் வந்தது. அந்தப் பெண் பிழைத்ததில் எனக்கென்ன எரிச்சல்? நீ பிழைக்கவில்லையே என்கிற எரிச்சல். இவ்வளவு அற்பமானவள் நான்.

உன் கருமாதி முடிந்து ஒரு மாதத்துக்குப் பிறகு உன் வீட்டுக்குப் போனேன், உன் புருஷனிடம் சொல்லிவிடுவது என்று. அவர் அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார், எல்லாம் கருகியிருந்தது. எழும்பி எனக்கு நாற்காலி போட்டார். "ஒங்ககூட ஞாயித்துக்கிழமை வாரதுதான் டீச்சர் அவளுக்குப் பெருமை" என்று தொடங்கினார். அதற்கு மேல் கேட்க முடியாமல் நான் இடைமறித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குளவி என்று போடச் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை, அவள் கேள்வியையும் வெட்டிவிட்டேன், அதனால்தான் யாருக்கும் தெரியாமல் போயிற்று என்று. அடிப்பார், வெளியே போ என்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அவர் கருகிய ரொட்டியைக் கல்லிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து என்கிட்டயும் சொன்னா டீச்சர்" என்றார். "தேனீன்னு போடுறாங்க, நம்ம ஆளுங்க ஒருத்தரும் கேக்க மாட்டாங்க, மறுபடியும் போன் போட்டுச் சண்டை பிடிக்கப்போறேன்னு போனைக் கையில எடுத்துட்டா. நான்தான் வாங்கி வச்சேன். படிச்சவங்களுக்குத் தெரியாதா, நீ சும்மா இருன்னு சொன்னேன்."

நீ மறுபடியும் எடுக்கவில்லை. அந்தப் போன் வரவில்லை. வந்திருந்தால் திட்டிக்கொண்டாவது மாற்றியிருப்பேன், உன்னோடு சண்டை போட்டு நான் ஜெயித்த சரித்திரம் கிடையாது. 

இப்போதும் ஞாயிறுகளில் நிபுணர்களைப் பிடிக்கிறேன். உன் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்து கேட்கிறாள், கொழுந்தெடுக்கிறவள்தான். அவள் சங்கோஜப்பட்டு, "டீச்சருக்குத் தெரியும்தானே" என்று கேள்வியை விழுங்கும்போதெல்லாம் பதிவை நிறுத்தி, அவளைக் கேட்க வைக்கிறேன். உன் புருஷன் சொன்ன அந்த வார்த்தை அப்போது என் காதில் கேட்கிறது. படிச்சவங்களுக்குத் தெரியாதா?

தெரியவில்லையடி. உனக்குத் தெரிந்திருந்தது.