கோரின் வீட்டு அழுக்குத் தண்ணீர்

பிப்ரவரி 2

என் தங்கை கோரின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. அவள் கடல் மீன்தொட்டி வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, அதற்குள் தொட்டியில் வளரும் பவள உயிரெல்லாம் பூத்துக் குலுங்குகிறது. கண்ணாடி முழுக்கப் பாசி. மீனுக்கு அள்ளி அள்ளிப் போடுகிறாள். தண்ணீரை எப்போது மாற்றினாய் என்றால், "ஞாபகம் இல்லக்கா" என்று சிரிக்கிறாள். நான் பத்து வருடமாகத் தண்ணீரை வடிகட்டி, உப்பை எடை போட்டுக் கரைத்து, கையெல்லாம் வெடித்துப் போய்த் திரிகிறேன். எனக்கு ஏன் அப்படிப் பூக்கவில்லை?

திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் டுவேன், "உன் தங்கச்சி தொட்டி சூப்பரா இருக்குல்ல?" என்றார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன்.

பிப்ரவரி 5

ஏப்ரல் கடைசியில் எங்கள் டொலிடோ ஊர் மீன்தொட்டி கிளப்பில் சிறந்த சின்னத் தொட்டிக்கு ஓட்டெடுப்பு. மூன்று வருடமாக எனக்குத்தான் பரிசு. இந்த முறை கோரினும் பெயர் கொடுத்திருக்கிறாள். சின்ன வயதிலும் இப்படித்தான் — நான் எதைத் தொட்டாலும் அவளுக்கும் வேண்டும்.

பிப்ரவரி 9

தண்ணீரில்தான் அவளை ஜெயிக்க முடியும். கழிவை உறிஞ்சும் துகள் பையை வடிகட்டியில் போட்டேன். ஒன்று போதும் என்று அதன் உறையில் எழுதியிருந்தது. இரண்டு போட்டேன்.

பிப்ரவரி 20

தண்ணீரில் கழிவே இல்லை: நைட்ரேட் பூஜ்யம்! பாஸ்பேட்டும் பூஜ்யம்! சோதனைக் குழாயைப் படமெடுத்துக் கிளப் குழுவில் போட்டேன். முதலில் பாராட்டியது கோரின். "அக்கா, நீ வேற லெவல்!" அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

மார்ச் 2

பவளம் வெளிறுகிறது. மணல்மேல் பழுப்பாக, கோழை மாதிரி ஏதோ படர்கிறது. காலையில் உறிஞ்சி எடுத்தால் சாயங்காலம் திரும்ப வந்துவிடுகிறது. இவ்வளவு சுத்தமான தண்ணீரில் எப்படி?

மார்ச் 8

வெட்கத்தை விட்டு, கிளப்பில் எல்லோருக்கும் யோசனை சொல்லும் வெர்னுக்கு போன் செய்தேன். முதலில் சிரித்தார்.

"பூஜ்யமா? அட, அதுங்க பட்டினி கிடக்குதும்மா! கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் திங்க ஏதாச்சும் கிடைக்கும். ஒண்ணுமில்லாத தண்ணியிலதான் அந்தக் கோழை ஆட்டம் போடும். பையைத் தூக்கிப் போட்டுட்டு மீனுக்கு நல்லா தீனி போடு."

அப்படியென்றால் கோரின் சோம்பேறித்தனத்தாலேயே ஜெயிக்கிறாள்! யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன்.

மார்ச் 11

கோரின் போன் செய்தாள். "அக்கா, உன்ன மாதிரியே என் தண்ணியையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரப் போறேன். அந்தப் பை ரெண்டு வாங்கிட்டேன். போடலாம்ல?"

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "போடேன்" என்று வந்தது.

சீ, நான் என்ன மனுஷி? ஆனால் அவள்தானே கேட்டாள்?

மார்ச் 17

அவளைக் கூப்பிட வேண்டும். கூப்பிடவில்லை.

மார்ச் 23

கோரின் வீட்டுக்குப் போனேன். அவள் பவளமும் ஓரத்தில் வெளுத்திருந்தது. ஒரு நிமிடம் வயிறு குளிர்ந்தது — பொய் எதற்கு? அப்புறம் அவள், "நீ சொன்னபடிதான்க்கா செஞ்சேன். நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்" என்றாள். தப்பு அவளுடையதாம்!

குளிர்கோட்டைக் கழற்றாமலே வடிகட்டிக்குள் கைவிட்டுப் பைகளை இழுத்தேன். "தூக்கி எறிடி இதை! என் தொட்டியே இதால நாசமாயிடுச்சு. தெரிஞ்சேதான் உன்னைப் போடச் சொன்னேன்."

முழங்கை வரை உப்புத் தண்ணீர் சொட்டியது. "அப்போ இத்தனை நாளா வேடிக்கை பாத்துக்கிட்டா இருந்த?" என்றாள். வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.

ஏப்ரல் 26

பரிசு கோரினுக்கு. அவள் தொட்டி சரியான நேரத்தில் தேறிவிட்டது. என்னுடையதை நான் போட்டியில் சேர்க்கவில்லை. என் ஓட்டை அவளுக்கே போட்டேன். கைதட்டும்போது வயிறு எரிந்தது, நன்றாகவே எரிந்தது.

காரருகே வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். உள்ளே, நட்டு வளர்க்க, அவள் பவளத்திலிருந்து வெட்டிய துண்டு.

"இன்னும் கோவமாத்தான் இருக்கேன். இது செத்துச்சுன்னா சொல்லு, இன்னொண்ணு வெட்டித் தர்றேன்."

என் பவளம் எதற்குமே இந்த நிறம் இல்லை. என் தொட்டியின் நடுவில் வைத்திருக்கிறேன்.