ஒற்றை விரலில் திரும்பிய ஸ்டீயரிங்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, காபிக்கும் குளியலுக்கும் இடைப்பட்ட வேளையில், ஒரு மனிதன் வாழ்வில் அரிதாகவே எடுக்கும் முடிவு ஒன்றை எடுத்தேன். அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் தைலக் குப்பியைக் கீழ்த்தட்டுக்கு மாற்றுவது என்பதே அது. முட்டி வலிக்குத் தைலம் எடுக்க முக்காலி மீது ஏற வேண்டியிருக்கும் முரண்பாட்டை நெடுங்காலம் ஆராய்ந்த பின் எடுத்த முடிவு. ஒருமனதாக நிறைவேறியது, வீட்டில் வேறு யாரும் இல்லை. மாற்றுகையில் மூடி கழன்று பாதித் தைலம் கையில் கொட்டிவிட்டது. வாடை அறையில் நிறைந்ததும், வே, நீர் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டீர்.

துபாயிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் நீர் ஊருக்கெல்லாம் கொண்டுவந்த தைலம் அது. கடைசி வருஷத்தில் அந்த வாடை உம் பெட்டியிலிருந்து வரவில்லை, இடது கையிலிருந்து வந்தது. தோளில் தொடங்கி முழங்கை வரை, தினமும் இரவு இஷா தொழுகை முடிந்ததும் உம் வீட்டம்மா தேய்த்துவிடுவார்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கார்.

வேலையை விட்டு வந்த கையோடு, மேலப்பாளையத்தின் தெரு அகலத்தைச் சற்றும் பொருட்படுத்தாமல், பெங்களூரில் ஒருவரிடமிருந்து அந்தப் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கி வந்தீர். இரண்டு கதவு, சிவப்பு நிறம், தரையோடு தரையாக ஒரு உடம்பு. அதில் ஏறுவதற்கு இறங்க வேண்டியிருந்தது. தெருமுனையில் ஒரு மாடு படுத்திருந்தால் அதன் கண்ணுக்கு நேராக உம் கண் இருக்கும். “மரியாதையா ஹார்ன் அடிச்சேன் வே, அது என்னப் பாத்து மரியாதையா அசை போடுது” என்று ஒருநாள் புகார் சொன்னீர்.

அந்த வண்டியின் சட்டத்தில் ஒரே ஒரு பிரிவுதான் உண்டு. உம்மைத் தவிர யாரும் ஸ்டீயரிங்கில் கை வைக்கக் கூடாது. மெக்கானிக் செல்லையாவுக்கும் விலக்கு இல்லை. தச்சநல்லூர்ப் பக்கம் அவர் பட்டறைக்குப் போனால், பள்ளத்தின் மேல் வண்டியை ஏற்றுவதும் நீர்தான், இறக்குவதும் நீர்தான். அவர் அடியில் படுத்துக்கொண்டே வேலை பார்ப்பார். ஓட்டுநர் இருக்கை எப்படி இருக்கும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ஆகவே நீர் “ஸ்டீயரிங் கனமா இருக்கு, கை வலிக்கு” என்றபோது நாங்கள் நம்பினோம். பவர் ஸ்டீயரிங் என்றால் எண்ணெய் அழுத்தம் நம் கைக்குத் துணை செய்யும். அது பழுதானால் கை தனியாகப் பாடுபட வேண்டும். இதை டீக்கடையில் எனக்கு விளக்கியவரே நீர்தான். அங்கே ஒருவர் டயரில் காற்று குறைவு என்றார். ஒருவர் பெல்ட் தளர்ந்துவிட்டது என்றார். செல்லையா அடியில் குனிந்து எண்ணெய் ஈரத்தைக் கண்டுபிடித்து, “ரேக் போச்சு பாய்” என்று தீர்ப்புச் சொன்னார். ரேக் என்பது ஸ்டீயரிங் வளையத்தைத் திருப்பினால் சக்கரங்களை இழுத்துத் திருப்புகிற குறுக்குத் தண்டு. அது இந்தியாவில் கிடைக்கவில்லை. ஷார்ஜாவில் இருந்த உம் மச்சினர் தேட ஆரம்பித்தார்.

“வித்துத் தொலையுமேன்” என்றேன் ஒருமுறை.

“ஸ்போர்ட்ஸ் கார்னா கை வலிக்கத்தாம்வே செய்யும். வலிக்கலன்னா அது ஆட்டோ” என்றீர். கையை உதறியபடி சிரித்தீர். நாங்களும் சிரித்தோம். வண்டியின் உறுப்புகளைப் பற்றி அவ்வளவு பேர் அவ்வளவு அக்கறையோடு பேசிய கூட்டத்தில், அந்தக் கை யாருடையது என்ற விஷயம் விவாதத்துக்கு வரவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, அஸர் தொழுதுவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த நீர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ரேக், உமக்காக நாற்பதாம் நாள் ஓதிய அன்று வந்து சேர்ந்தது. உம் மச்சினர் அதைப் போர்வையில் சுற்றி, பச்சைப்பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார்.

உம் மகள் ஆயிஷா அந்தக் காரை விற்கக் கூடாது என்றாள். கல்லூரிக்கு அதில்தான் போவேன் என்றாள். உம் வீட்டம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

“அண்ணாச்சி, அவுக நெஞ்சு இந்த வண்டிய இழுத்து இழுத்துத்தான் போச்சு. அந்தக் கனத்துல எம்புள்ள கை வைக்கக் கூடாது. புதுச மாட்டிக் குடுங்க. இல்லன்னா எடைக்குப் போட்டுருங்க.”

பேட்டரி செத்திருந்ததால் வண்டியை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். செல்லையா வேறு பேட்டரி போட்டார். பிறகு இருக்கையைப் பழந்துணியால் துடைத்துவிட்டு, உம்மிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டு, ஸ்டீயரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். எஞ்சின் பிடித்தது. வளையத்தை இடது பக்கம் திருப்பினார். வலது பக்கம் திருப்பினார். மறுபடி இடது பக்கம்.

“என்னவே?” என்றேன்.

“அண்ணாச்சி, இங்கன வந்து உக்காருங்க. ஒத்த வெரல்ல திருப்புங்க.”

உட்கார்ந்தேன். ஆள்காட்டி விரலை வளையத்தில் வைத்தேன். அது திரும்பியது. மாவில் விரல் விட்டதுபோல, எந்த எதிர்ப்பும் இல்லாமல், கடைசி வரை திரும்பியது. முன்சக்கரங்கள் சிமெண்டுத் தரையில் மெல்லக் கிரீச்சிட்டன. நான் விரலை எடுத்துவிட்டேன். பிறகு இன்னொரு முறை வைத்துப் பார்த்தேன், முதல் முறை தவறாக இருந்திருக்கலாம் என்பதுபோல.

செல்லையா நம்பவில்லை. ஆற்றுப்பாலம் வரை ஓட்டிப் போனார், சந்தைக் கூட்டத்துக்குள் ஓட்டினார், ஊர்ந்து ஊர்ந்து திருப்பிப் பார்த்தார். திரும்பி வந்து அடியில் படுத்தார். எண்ணெய் ரேக்கிலிருந்து கசியவில்லை, பக்கத்துக் குழாயின் கவ்வி தளர்ந்து சொட்டியிருக்கிறது. அவர் வெளியே வந்து அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

“ஸ்டீயரிங்குக்கு ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. அப்ப பாய் கை எதுக்கு வலிச்சிது?”

எங்கள் இருவருக்கும் விடை தெரியும். நான் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தேன். ஒரு வருஷமாக உம் நெஞ்சு இடது கை வழியாக உம்மைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது, வே. நாம் ஷார்ஜாவில் தேடிக்கொண்டிருந்தோம்.

“வீட்டம்மாகிட்ட என்ன சொல்ல?” என்றார் செல்லையா.

அதுதான் கேள்வி. வண்டிமேல் தப்பில்லை என்றால், தினமும் தான் தைலம் தேய்த்தது எதற்கு என்று அந்த அம்மாளுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு அவர் எப்படித் தூங்குவார்?

“மாட்டிரும்” என்றேன்.

“நல்ல ரேக்கக் கழட்டியா?”

“நல்ல ரேக்கத்தான்.”

முப்பது வருஷத் தொழிலில் பழுதில்லாத பொருளை இவ்வளவு பயபக்தியோடு தாம் கழற்றியதில்லை என்றார் செல்லையா பிறகு. எண்ணெயை வடித்தார். இரண்டு குழாய்களையும் விடுவித்தார். சக்கரத்தோடு சேர்க்கும் முனைகளைத் தட்டிக் கழற்றினார். அத்தனையும் சுலபமாக வந்தன. எதுவும் பிடிவாதம் செய்யவில்லை. புதியதை மாட்டி, எண்ணெய் ஊற்றி, உள்ளிருக்கும் காற்று போகும்வரை வளையத்தை இரு பக்கமும் திருப்பிக்கொண்டே இருந்தார். சக்கரங்களின் கோணத்தைச் சரிபார்த்தார். குழாய்க் கவ்வியையும் மாற்றினார். உண்மையில் பழுதாகியிருந்தது அது ஒன்றுதான்.

வண்டியை எடுக்க உம் வீட்டம்மாவே ஆயிஷாவுடன் பட்டறைக்கு வந்தார். “பழசு எங்க?” என்று கேட்டார். நாங்கள் இதை எதிர்பார்க்கவில்லை. மேசைமேல் கிடந்ததைக் காட்டினோம்.

“முழுக்க இறுகிப் போச்சும்மா” என்று செல்லையா ஆரம்பித்தார். “யானைய வச்சுத்தான் திருப்பணும். பாய் கை சும்மாவா வலிச்சிருக்கும்?”

உம் வீட்டம்மா முந்தானையால் தண்டின் முனையைப் பிடித்துப் பைய அழுத்தினார். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய் மறுபக்கம் நீண்டது. இன்னொரு முறை அழுத்தினார்.

“எண்ணெ வடிஞ்சிட்டுன்னா இளகிரும்மா” என்றார் செல்லையா. என் பக்கம் திரும்பினார். நான் ஆமோதித்தேன். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால் அந்தத் தலையசைப்புக்கு ஒரு கௌரவம் இருந்திருக்க வேண்டும்.

“சரி அண்ணாச்சி” என்றார் அவர். முந்தானையில் பட்ட எண்ணெயைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு மகளோடு காரில் ஏறிப் போனார்.

உம் பேச்சில் நிறைய மறந்துவிட்டது, வே. குரல்கூடச் சில நாள் பிடிபடுவதில்லை. ஆனால் அந்த ஸ்டீயரிங் விட்டுக்கொடுத்த விதம் இந்த விரலில் அப்படியே இருக்கிறது. கதவைத் திறக்கும்போது, பக்கம் புரட்டும்போது, எதையாவது தொட்டதும் அது எளிதாக நகர்ந்துவிட்டால் திடுக்கிட்டுக் கையை எடுத்துவிடுகிறேன்.

புது ரேக் பழையதைவிடச் சற்று இறுக்கம். ஓட ஓடச் சரியாகும் என்கிறார் செல்லையா. ஆயிஷா தினமும் அதில்தான் கல்லூரிக்குப் போகிறாள். போன வாரம் இடது கை வலிக்கிறது என்றாளாம். ஸ்டீயரிங் கனம்தான் உம்மா, வேறு ஒன்றுமில்லை என்றும் தாயிடம் சொல்லியிருக்கிறாள். உம் வீட்டம்மா அன்று மாலையே அவளைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் ஈ.சி.ஜி. எடுத்தார்.